காலேஜ் பீஸ் ரசீதும் வருமான வரியும்: வீட்டுக் கம்ப்யூட்டரில் நீங்களே கணக்குப் போடுங்கள்

ஜூன், ஜூலை மாதம் வந்தால் ராயபுரத்தில் இருந்து எண்ணூர் வரை பல வீடுகளில் ஒரே நேரத்தில் மூன்று வேலைகள் நடக்கும். பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டும். காலேஜுக்குத் தேவை என்று புதிதாக ஒரு கம்ப்யூட்டரோ லேப்டாப்போ வாங்க வேண்டும். துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ வேலை செய்யும் அப்பாவோ அம்மாவோ வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும்.

இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பவர்கள் குறைவு. பீஸ் ரசீதை பீரோவில் வைத்துவிட்டு, பாரம் 16-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போகிறோம். அங்கே இருப்பவர் என்ன டைப் செய்கிறார் என்று நமக்குத் தெரியாது. புதுக் கம்ப்யூட்டரோ வீட்டில் படம் பார்க்க மட்டும் பயன்படுகிறது!

பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு வருமான வரியில் என்ன சலுகை உண்டு, அது உங்களுக்கு உண்மையில் பயன்படுமா, அதை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே எப்படிக் கணக்கிடுவது என்று இந்தக் கட்டுரையில் பார்க்கலாம். இங்கே சொல்லும் வரி விகிதங்கள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு, அதாவது 2026-27 மதிப்பீட்டு ஆண்டுக்கு உரியவை. 60 வயதுக்கு உட்பட்ட, சம்பளமும் வங்கி வட்டியும் மட்டும் வருமானமாக உள்ளவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

கழிவு வேறு, தள்ளுபடி வேறு

அமெரிக்காவில் உறவினர் இருந்தால் "பையன் காலேஜ் போகிறான், வரியில் 2,500 டாலர் குறைந்தது" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அங்கே ஒரு மாணவருக்கு அதிகபட்சம் 2,500 டாலர் வரை கட்ட வேண்டிய வரியிலேயே நேரடியாகக் குறைக்கிறார்கள்.

நம் நாட்டிலும் ஒரு காலத்தில் இதே போன்ற முறை இருந்தது. பழைய 88-ஆவது பிரிவின் கீழ், பிள்ளை ஒருவருக்கு 12,000 ரூபாய் வரையிலான கல்விக் கட்டணம் கணக்கில் எடுக்கப்பட்டு, அதில் ஒரு சதவீதம் வரியில் குறைக்கப்பட்டது. 2005-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் அந்தப் பிரிவுக்குப் பதிலாக 80சி வந்தது. இதில் உங்கள் வரி நேரடியாகக் குறையாது. வரி போடப்படும் வருமானம்தான் குறையும்.

வித்தியாசம் என்ன? நீங்கள் 20 சதவீத வரி அடுக்கில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 ரூபாய் கழிவு கிடைத்தால் மிச்சமாவது 10,000 அல்ல. 2,000 ரூபாயும், அதன் மேல் 4 சதவீத செஸ் 80 ரூபாயும் சேர்த்து 2,080 ரூபாய்தான். "ஒன்றரை லட்சம் வரை சலுகை" என்று யாராவது சொன்னால் ஒன்றரை லட்சம் கைக்கு வரும் என்று நினைத்துவிடாதீர்கள்.

முதல் சலுகை: 80சி - கல்விக் கட்டணம்

இதன் விதிகள் எளிமையானவை. ஆனால் தவறு நடப்பதும் இங்கேதான்.

1. கல்விக் கட்டணம், அதாவது ட்யூஷன் பீஸ் மட்டும்தான் கணக்கில் வரும். வளர்ச்சிக் கட்டணம், நன்கொடை போன்றவை வராது. பஸ், ஹாஸ்டல், மெஸ், யூனிபார்ம் ஆகியவை ட்யூஷன் பீஸ் அல்ல.

2. படிப்பு முழு நேரப் படிப்பாக இருக்க வேண்டும். கல்வி நிறுவனம் இந்தியாவில் இருக்க வேண்டும். தனியார் கோச்சிங் சென்டர், தபால் வழிப் படிப்பு ஆகியவற்றுக்குக் கிடையாது.

3. உங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். தம்பி, தங்கை, அக்கா மகன், பேரன் ஆகியோருக்கு நீங்கள் கட்டினாலும் கழிவு இல்லை. மனைவியின் படிப்புக்கும் இல்லை.

4. ஒருவர் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் கழிக்கலாம். கணவன், மனைவி இருவரும் வரி கட்டுபவர்கள் என்றால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இரண்டு பிள்ளைகள் கணக்கு. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் அப்பா இருவருக்கும், அம்மா ஒருவருக்கும் கட்டினால் மூவரின் பீஸும் கணக்கில் வந்துவிடும். யார் கழிக்கிறாரோ அவர் கட்டியிருக்க வேண்டும்.

5. எந்த நிதியாண்டில் பணம் கட்டினீர்களோ அந்த ஆண்டில்தான் கழிக்க வேண்டும். ஜூனில் தொடங்கும் ஆண்டுக்கான பீஸை மார்ச் 30 அன்றே கட்டினால் அது மார்ச்சில் முடியும் நிதியாண்டின் கணக்கில் சேரும்.

6. மொத்த வரம்பு 1,50,000 ரூபாய். இது படிப்புக்கு மட்டும் உரிய வரம்பு அல்ல. பி.எப்., எல்.ஐ.சி. பிரீமியம், வீட்டுக் கடனின் அசல் எல்லாம் இதே 1,50,000-க்குள் அடங்க வேண்டும்.

நம் பகுதிக்குத் தேவையான இன்னொன்றும் உண்டு. நம் மாநிலத்தில் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்ற முறையில் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-11 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேருபவர்களின் கட்டணத்தையும் அரசு ஏற்கிறது. அரசு கட்டிய தொகையை நீங்கள் கழிக்க முடியாது. உங்கள் பையில் இருந்து போன ட்யூஷன் பீஸ் எவ்வளவோ அவ்வளவுதான்.

ரசீதை எப்படிப் படிப்பது?

கற்பனையாக ஒரு ரசீதை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 1,42,000 ரூபாய். உள்ளே இப்படி இருக்கிறது:

ட்யூஷன் பீஸ் - 65,000
வளர்ச்சிக் கட்டணம் - 15,000
பஸ் - 32,000
தேர்வுக் கட்டணம் - 5,000
நூலகம், லேப் - 10,000
யூனிபார்ம், பயிற்சி - 15,000

இதில் 80சி-க்குத் தயங்காமல் எடுக்கக்கூடியது 65,000 மட்டும். ரசீதில் "மொத்தக் கட்டணம்" என்று ஒரே வரியில் போட்டிருந்தால் காலேஜ் ஆபீசில் பிரித்து எழுதிக் கேட்டு வாங்குங்கள். அது அவர்களிடம் கண்டிப்பாக இருக்கும்.

இதோடு முடியவில்லை. அப்பாவுக்குச் சம்பளத்தில் பி.எப். 96,000, எல்.ஐ.சி. 22,000 போகிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 1,18,000. இதனுடன் 65,000-ஐச் சேர்த்தால் 1,83,000. ஆனால் வரம்பு 1,50,000. ஆகவே காலேஜ் பீஸில் 32,000 மட்டுமே உதவுகிறது. 20 சதவீத அடுக்கில் இதனால் மிச்சமாவது 6,656 ரூபாய். 1,42,000 கட்டியதற்கு இவ்வளவுதான்!

இரண்டாவது சலுகை: 80இ - கல்விக் கடன் வட்டி

பெரிய பலன் இங்கேதான் இருக்கிறது. ஏனென்றால் இதற்கு ரூபாய் வரம்பே கிடையாது. 80சி-யின் 1,50,000-இலும் இது சேராது.

- வட்டி மட்டும்தான் கழிவு. அசல் கிடையாது.
- கடன் வங்கியிலோ, அரசு அங்கீகரித்த நிதி நிறுவனம் அல்லது அறக்கட்டளையிலோ வாங்கியிருக்க வேண்டும். மாமாவிடம் வாங்கிய கடனுக்கும், ஆபீசில் வாங்கிய அட்வான்சுக்கும் கிடையாது. வங்கி அல்லாத நிதி நிறுவனம் என்றால், அது 80இ-க்காக அறிவிக்கப்பட்டதா என்று கடன் வாங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள்.
- உங்களுக்கு, கணவன் அல்லது மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, நீங்கள் சட்டப்படி பாதுகாவலராக இருக்கும் மாணவருக்கு என்று வாங்கிய கடனாக இருக்கலாம். 80சி போல இரண்டு பிள்ளைகள் என்ற கணக்கு இல்லை.
- பிளஸ் டூவுக்குப் பிறகு எந்தப் படிப்பும் சரி. வெளிநாட்டுப் படிப்புக்கும் உண்டு.
- கடன் பத்திரத்தில் பெயர் உள்ளவர், தன் வருமானத்தில் இருந்து வட்டி கட்டினால், அவர் கழிக்கலாம்.
- வட்டி கட்டத் தொடங்கும் ஆண்டும், அடுத்த 7 ஆண்டுகளும், ஆக மொத்தம் 8 ஆண்டுகள். அதற்கு முன்பே வட்டி தீர்ந்தால் அத்துடன் முடிந்தது.

கடைசி விதியைக் கவனியுங்கள். பிள்ளை படிக்கும்போதே மாதம் 500 ரூபாய் வட்டி கட்டத் தொடங்கினால் 8 ஆண்டுக் கடிகாரம் அப்போதே ஓட ஆரம்பித்துவிடும். அதற்காக வட்டி கட்டாமல் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வட்டி சேராமல் இருப்பதே பெரிய லாபம். கடிகாரம் எப்போது தொடங்கியது என்று குறித்து வையுங்கள், அவ்வளவுதான். அரசின் வட்டி மானியத்தில் கழிந்த வட்டியை நீங்கள் கட்டியதாகக் காட்டக் கூடாது.

இந்த விஷயத்தில் நானே அடிபட்டவன். கல்விக் கடனில்தான் இன்ஜினியரிங் படித்தேன். வேலைக்குச் சேர்ந்து முதல் ரிட்டர்னை ஒரு பிரவுசிங் சென்டரில் கொடுத்தேன். அங்கே இருந்தவர் நான் கட்டிய இ.எம்.ஐ. மொத்தத்தையும், அசலோடு சேர்த்து, 80இ-இல் போட்டுவிட்டார். ரீபண்டு அதிகமாக வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு நாள் வங்கியின் வட்டிச் சான்றிதழை ரிட்டர்னுடன் வைத்துப் பார்த்தபோதுதான் தவறு தெரிந்தது. திருத்திய ரிட்டர்ன் போட்டு, வந்த பணத்தில் ஒரு பகுதியை வட்டியோடு திரும்பக் கட்டினேன். அன்று முதல் என் வீட்டு ரிட்டர்ன்களை நானே செய்கிறேன்.

இவை தவிர, சம்பளத்தில் பிள்ளைகள் கல்விப்படி என்று ஒன்று கொடுத்தால், 2025-26-இல் பிள்ளை ஒருவருக்கு மாதம் 100 ரூபாய்க்கும், ஹாஸ்டல் படிக்கு மாதம் 300 ரூபாய்க்கும், இரண்டு பிள்ளைகள் வரை வரி கிடையாது. சிறிய தொகை. பாரம் 16-இல் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான கேள்வி: பழைய முறையா, புதிய முறையா?

இதுவரை சொன்ன சலுகைகள் எல்லாம் பழைய வரி முறையில் மட்டும்தான். 2023-24 நிதியாண்டு முதல் புதிய வரி முறைதான் தானாகவே வரும் முறை. நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் புதிய முறையில் கணக்கு போடப்படும். அதில் 80சி இல்லை, 80இ இல்லை.

"அப்படியானால் புதிய முறை மோசமா?" என்று கேட்காதீர்கள். அதில் வரி விகிதம் குறைவு. சம்பளக்காரருக்கு நிலைக் கழிவு 75,000 ரூபாய். அதைக் கழித்த பிறகு வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் வரியே இல்லை. அதாவது 12,75,000 சம்பளம் வரை பூஜ்யம்.

எது லாபம் என்பதை யாரும் பொதுவாகச் சொல்ல முடியாது. உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். இதற்குத்தான் கம்ப்யூட்டர் இருக்கிறது.

எக்ஸெலில் கணக்கு

எக்ஸெல் இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்து, அதில் உள்ள கால்க்கைத் திறக்கலாம். இரண்டிலும் இந்தக் கணக்கு ஒன்று போலவே வேலை செய்யும். பார்முலாக்களை இங்கே தமிழில் அச்சிட்டிருக்கிறோம். நீங்கள் ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும். மேக்ஸ் என்பது எம்-ஏ-எக்ஸ், மின் என்பது எம்-ஐ-என், சம் என்பது எஸ்-யூ-எம், இப் என்பது ஐ-எப்.

முதல் ஷீட்: இதற்கு "கணக்கு" என்று பெயர் கொடுங்கள். ஏ வரிசையில் தலைப்பும், பி வரிசையில் தொகையும் வரட்டும்.

பி1 - மொத்தச் சம்பளம்
பி2 - நிலைக் கழிவு, 50000
பி3 - பி.எப்.
பி4 - எல்.ஐ.சி.
பி5 - ட்யூஷன் பீஸ்
பி6 - 80சி. இதில் =மின்(150000,சம்(பி3:பி5))
பி7 - 80இ, கல்விக் கடன் வட்டி
பி8 - வீட்டுக் கடன் வட்டி (நீங்கள் குடியிருக்கும் வீடு என்றால் 2,00,000 வரை)
பி9 - மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் (உங்களுக்கும், மனைவி, பிள்ளைகளுக்கும் 25,000 வரை)
பி10 - பழைய முறை வருமானம். =பி1-பி2-பி6-பி7-பி8-பி9
பி11 - புதிய முறை வருமானம். =பி1-75000

பி6-இல் உள்ள மின் பங்ஷன், இரண்டு எண்களில் சிறியதை எடுத்துக்கொள்ளும். 1,50,000-ஐத் தாண்டினால் தானாக நிறுத்திவிடும்.

இரண்டாவது ஷீட்: "பழையது" என்று பெயர் கொடுங்கள். முதல் வரியில் தலைப்புகள். இரண்டாவது வரியில் இருந்து, ஏ-யில் தொடக்கத் தொகை, பி-யில் முடிவுத் தொகை, சி-யில் சதவீதம் டைப் செய்யுங்கள்.

0 முதல் 250000 வரை - 0%
250000 முதல் 500000 வரை - 5%
500000 முதல் 1000000 வரை - 20%
1000000 முதல் 999999999 வரை - 30%

எப்1 செல்லில் சமக்குறி போட்டு, "கணக்கு" ஷீட்டுக்குப் போய் பி10-ஐக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். பழைய முறை வருமானம் இங்கே வந்துவிடும். பிறகு டி2-இல் இதை டைப் செய்யுங்கள்:

=மேக்ஸ்(0,மின்($எப்$1,பி2)-ஏ2)*சி2

டி2-இன் கீழ் மூலையில் உள்ள சிறு கட்டத்தை மவுஸால் பிடித்து டி5 வரை இழுங்கள். டாலர் குறி போட்டிருப்பதால் எப்1 மாறாது, மற்றவை வரிக்கு ஏற்ப மாறும். டி6-இல் =சம்(டி2:டி5). பழைய முறையில் வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் வரி இல்லை. ஆகவே எப்2-இல்:

=இப்(எப்1<=500000,0,டி6)

எப்3-இல் =எப்2*1.04 என்று கொடுங்கள். இது செஸ் சேர்த்த வரி.

மூன்றாவது ஷீட்: "புதியது". இதே அமைப்பு. அடுக்குகள் மட்டும் வேறு.

0 முதல் 400000 வரை - 0%
400000 முதல் 800000 வரை - 5%
800000 முதல் 1200000 வரை - 10%
1200000 முதல் 1600000 வரை - 15%
1600000 முதல் 2000000 வரை - 20%
2000000 முதல் 2400000 வரை - 25%
2400000 முதல் 999999999 வரை - 30%

எப்1-இல் "கணக்கு" ஷீட்டின் பி11-ஐக் கொண்டு வாருங்கள். டி2-இல் அதே பார்முலாவைப் போட்டு டி8 வரை இழுங்கள். டி9-இல் =சம்(டி2:டி8). எப்2-இல்:

=இப்(எப்1<=1200000,0,மின்(டி9,எப்1-1200000))

12 லட்சத்தைச் சற்றே தாண்டியவர்களுக்கு, தாண்டிய தொகைக்கு மேல் வரி வராமல் இருக்கும் சலுகையும் இந்த பார்முலாவில் அடங்கிவிடுகிறது. எப்3-இல் =எப்2*1.04.

கடைசியாக "கணக்கு" ஷீட்டின் பி12-இல் பழைய வரியையும், பி13-இல் புதிய வரியையும் சமக்குறி போட்டுக் கொண்டு வந்து வையுங்கள். பைலை சேவ் செய்துகொள்ளுங்கள்.

இரண்டு வீடுகள், இரண்டு விடைகள்

முதல் வீடு திருவொற்றியூரில். அப்பாவின் சம்பளம் ஆண்டுக்கு 9,00,000. 80சி முழுதாக 1,50,000. கல்விக் கடன் வட்டி 60,000. பழைய முறையில் வருமானம் 6,40,000, வரி 42,120 ரூபாய். புதிய முறையில் வருமானம் 8,25,000, வரி பூஜ்யம். இந்த வீட்டில் பீஸ் ரசீது வரிக்குப் பயன்படவில்லை. பயன்படுத்தப் போனால் நஷ்டம்!

இரண்டாவது வீடு ராயபுரத்தில். சம்பளம் 16,00,000. 80சி 1,50,000, வீட்டுக் கடன் வட்டி 2,00,000, மருத்துவக் காப்பீடு 25,000, கல்விக் கடன் வட்டி 1,20,000. பழைய முறையில் வரி 1,34,160. புதிய முறையில் 1,13,100. இங்கேயும் புதிய முறைதான் 21,060 ரூபாய் லாபம்.

இப்போது பி7-இல் மட்டும் எண்ணை மாற்றுங்கள். மகள் வெளிநாட்டில் மேற்படிப்பு படித்தாள், இரண்டு பிள்ளைகளின் கடனுக்கும் சேர்த்து அப்பா கட்டிய வட்டி 2,50,000 என்று வையுங்கள். பழைய முறை வரி 1,01,400 ஆகக் குறைகிறது. இப்போது பழைய முறை 11,700 ரூபாய் லாபம். எந்த இடத்தில் மாறுகிறது? பி7-இல் 193750 போட்டுப் பாருங்கள். இரண்டு வரியும் ஒன்றாக நிற்கும்.

அதாவது, 16 லட்சம் சம்பளத்தில் நிலைக் கழிவு தவிர மற்ற கழிவுகள் 5,68,750 ரூபாயைத் தாண்டினால்தான் பழைய முறை பலன் தரும். காலேஜ் பீஸ் தனியாக அந்த இடத்துக்குக் கொண்டுபோகாது. வீட்டுக் கடனும், பெரிய கல்விக் கடனும் சேர்ந்து இருக்கும் வீடுகளில்தான் அது நடக்கும்.

ரசீதுகளைக் கம்ப்யூட்டரில் வைக்கும் முறை

ரிட்டர்னுடன் எந்தக் காகிதமும் இணைக்க வேண்டியதில்லை. ஆனால் பின்னால் கேட்டால் காட்ட வேண்டும்.

1. டாக்குமென்ட்ஸ் போல்டருக்குள் "வரி" என்று ஒரு போல்டரும், அதற்குள் ஆண்டு வாரியாக "2025-26" என்ற போல்டரும் உருவாக்குங்கள்.

2. ரசீதை ஸ்கேனரிலோ மொபைலிலோ பிடிஎப் ஆக எடுங்கள். 200 டிபிஐ போதும்.

3. பைல் பெயரை "2025-06-12 ட்யூஷன் பீஸ் 65000" என்பது போலத் தேதியில் தொடங்குங்கள். தேதி வரிசைப்படி தானாக அடுக்கப்படும்.

4. நெட் பேங்கிங்கில் கல்விக் கடனுக்கான வட்டிச் சான்றிதழை டவுன்லோடு செய்து இதே போல்டரில் வையுங்கள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று அதில் பிரித்துப் போட்டிருக்கும். நெட் பேங்கிங் இல்லையென்றால் கிளையில் கேளுங்கள்.

5. போல்டரை ஒரு பென் டிரைவிலும் காப்பி செய்து தனியாக வையுங்கள். மழைக்காலத்தில் நம் பகுதியில் தண்ணீர் எங்கே வரும் என்று சொல்ல வேண்டியதில்லை!

போர்ட்டலில் தாக்கல் செய்வது

பிரவுசரின் அட்ரஸ் பாரில் வருமான வரித் துறையின் முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள்: இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன். "ரீபண்டு வந்திருக்கிறது, இங்கே கிளிக் செய்யுங்கள்" என்று வரும் மெயிலையோ எஸ்எம்எஸ்ஸையோ கிளிக் செய்யாதீர்கள்.

பான் எண்தான் யூசர் ஐடி. உள்ளே போனதும் இ-பைல் மெனுவில் இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, மதிப்பீட்டு ஆண்டு 2026-27, ஆன்லைன், ஐடிஆர்-1 என்று போங்கள். சம்பளம், வீடு, வங்கி வட்டி மட்டும் உள்ள, மொத்த வருமானம் 50 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு இது பொதுவாகப் போதும்.

தொடக்கத்திலேயே, புதிய முறையில் இருந்து விலகுகிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். உங்கள் ஷீட்டில் பழைய முறை லாபம் என்று வந்திருந்தால் மட்டும் "ஆம்" கொடுங்கள். ஆபீசில் புதிய முறையில் வரி பிடித்திருந்தாலும் இங்கே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு நிபந்தனை. கெடு தேதிக்குள், அதாவது 2026 ஜூலை 31-க்குள் தாக்கல் செய்தால்தான் பழைய முறை கிடைக்கும். தாமதமானால் புதிய முறைதான்.

80சி பகுதியில் தொகையுடன் ரசீது எண் அல்லது பாலிசி எண் கேட்கும். 80இ பகுதியில் வங்கியின் பெயர், கடன் கணக்கு எண், கடன் அனுமதித்த தேதி, மொத்தக் கடன், மார்ச் 31-இல் மீதி, கட்டிய வட்டி எல்லாம் கேட்கும். வட்டிச் சான்றிதழைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்து டைப் செய்யுங்கள். போர்ட்டல் காட்டும் வரியும் உங்கள் எக்ஸெல் வரியும் பத்து ரூபாய்க்குள் ஒத்துப் போக வேண்டும். போகாவிட்டால் சப்மிட் செய்யாமல், எங்கே மாறுகிறது என்று பாருங்கள். சப்மிட் செய்த 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி மூலம் வெரிபை செய்ய வேண்டும். இல்லையென்றால் தாக்கல் செய்ததாகவே ஆகாது.

"ரீபண்டு வாங்கித் தருகிறேன்" என்பவரிடம் எச்சரிக்கை

இல்லாத கல்விக் கடனைக் காட்டி ரீபண்டு வாங்கித் தருகிறேன், அதில் இத்தனை சதவீதம் கமிஷன் என்று சொல்பவர்கள் உண்டு. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடு முழுவதும் சுமார் 150 இடங்களில் சோதனை நடத்தியது. பொய்க் கழிவு காட்டிக் கொத்துக் கொத்தாக ரிட்டர்ன் போட்ட இடைத்தரகர்களைத் தேடித்தான் அந்தச் சோதனை. தவறாகப் பயன்படுத்தப்பட்ட பிரிவுகளில் 80இ-யும் ஒன்று. தற்காலிக மெயில் ஐடி உருவாக்கி ரிட்டர்ன் போட்டுவிட்டு, பிறகு அந்த ஐடியைக் கைவிடுவது அவர்களின் வழக்கம் என்று துறை சொன்னது. நோட்டீஸ் அந்த ஐடிக்குப் போகும். நமக்குத் தெரியவே தெரியாது.

கமிஷன் வாங்கியவர் போய்விடுவார். பதில் சொல்ல வேண்டியவர் பான் கார்டில் பெயர் உள்ளவர்தான். வேண்டுமென்றே தவறான தகவல் கொடுத்தால், ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. வரியும் வட்டியும் தனி.

ஆகவே இன்றே ஒரு வேலை செய்யுங்கள். போர்ட்டலில் லாகின் செய்து, மை புரொபைல் பகுதியில் உங்கள் மொபைல் எண்ணும் மெயில் ஐடியும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். வேறு யாருடையதாவது இருந்தால் உடனே மாற்றி, பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

அடுத்த ஆண்டுக்கு

2026 ஏப்ரல் 1 முதல், 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வந்துள்ளது. அதில் 80சி-யின் இடத்தில் 123-ஆவது பிரிவும், 80இ-யின் இடத்தில் 129-ஆவது பிரிவும் வருகின்றன. 2025-26 ஆண்டுக்கான ரிட்டர்னுக்குப் பழைய சட்டமே பொருந்தும். அடுத்த முறை பாரங்களில் புதிய எண்களைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். அடுக்குகளோ வரம்போ மாறினால் ஷீட்டில் அந்த எண்ணை மட்டும் மாற்றினால் போதும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவில் இருந்து பீஸ் ரசீதை எடுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஷீட்டை அவனையோ அவளையோ டைப் செய்யச் சொல்லுங்கள். தன் படிப்புக்கு வீட்டில் எவ்வளவு போகிறது, அதில் வரியாக எவ்வளவு திரும்புகிறது என்பது பிள்ளைக்கும் தெரியட்டும். பி12, பி13 இரண்டில் எது சிறியதோ, அதுதான் உங்கள் முறை.